பெத்லகேமில் பனி பெய்ததா?

சிறுவர்க்கான விழா நூல்கள் குறித்துச் சில சிந்தனைகள்

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் குடில் அமைக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது. வைக்கோலும் மூங்கிற் குச்சியும் சாயம் பூசிய காகிதமும் சேர்ந்து மாட்டுத் தொழுவம் உருவாகிறது. எல்லாம் முடிந்தபின், வீட்டின் மூத்த பிள்ளை பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கூரைமீது தூவுகிறான். அதுவே வெண்பனி! அருகில் நின்று பார்க்கும் இளைய குழந்தை, "அம்மா, இயேசு பிறந்த ஊரில் பனி பெய்ததா?" என்று கேட்கிறது. நம்மில் எத்தனை பேர் இக்கேள்விக்கு விடை கூறியிருக்கிறோம்? "ஆமாம், ஆமாம். போய்ப் படி" என்று அனுப்பிவிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது.

விடை ஒன்றும் கடினமானதன்று. பெத்லகேம் மலைநாட்டு ஊர்; கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பது. குளிர்காலத்தில் அங்கே குளிர் உண்டு. சில ஆண்டுகளில் வெண்பனி பெய்வதும் உண்டு. ஆயினும் ஆண்டவரின் பிறப்பை விவரிக்கும் புனித லூக்கா பனியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மேலை நாட்டு மக்கள் தங்கள் ஊர்ப் பனியைத் தங்கள் ஓவியங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் வரைந்தார்கள். அந்த அட்டைகளைப் பார்த்து நாம் பஞ்சு தூவினோம். இதைக் குழந்தைக்குச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் சொல்லுமுன் நாம் அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

இவ்வகைக் கேள்விகளுக்கு விடை தருவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல்வகை வளர்ந்திருக்கிறது. அவை கதைப் புத்தகங்கள் அல்ல. குளிர்கால விழாக்களையும் பல்வேறு மக்களின் மரபுகளையும் உள்ளது உள்ளபடி சிறுவர்க்கு விளக்கும் நூல்கள் அவை. நம் பிள்ளைகள் பயிலும் பள்ளி நூலகத்திலோ, அயல்நாட்டில் வாழும் உறவினர் அனுப்பும் பரிசுப் பொதியிலோ அவற்றுள் ஒன்று நம் வீட்டை வந்தடையக்கூடும். அவற்றை வாங்கலாமா, பிள்ளைகளிடம் கொடுக்கலாமா, கொடுத்தால் விசுவாசத்திற்கு இடையூறு நேருமா என்று ஐயுறும் பெற்றோர் உண்டு. அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். விழாவைப் பற்றிய உண்மையை அறிவதால் குழந்தையின் விசுவாசம் குன்றுவதில்லை. வேரூன்றுகிறது என்பதே நம் துணிபு.

இருளின் நடுவே ஒளி

டிசம்பரில் இத்துணை விழாக்கள் ஏன்? இவ்வினாவுக்கு வானியலிலிருந்து விடை தொடங்கும் நூல் ஒன்று உண்டு. வெண்டி ஃபெஃபர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஷார்ட்டஸ்ட் டே' (மிகக் குறுகிய பகல்) என்பதே அது. பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால், டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் வடபாதி உலகில் பகல் மிகவும் குறுகிவிடுகிறது. அதன்பின் நாள்தோறும் ஒளி சிறிது சிறிதாக வளர்கிறது. இதனைப் பண்டைய மக்கள் எவ்வாறு உற்று நோக்கினர், எவ்வாறு கொண்டாடினர் என்பதை அந்நூல் படங்களுடன் விளக்குகிறது. பிள்ளைகள் தாமே செய்து பார்க்கத்தக்க சிறு பயிற்சிகளையும் இறுதியில் தருகிறது.

நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். மார்கழியிலும் சென்னையில் பதினொரு மணி நேரத்திற்கு மேல் பகல் உண்டு. ஆனால் சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் அந்நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரமே வெளிச்சம். பிள்ளைகள் இருட்டில் எழுந்து பள்ளி செல்கிறார்கள். இருட்டிலேயே வீடு திரும்புகிறார்கள். இதை அறிந்த குழந்தைக்கே புனித லூசியாவின் விழா விளங்கும். லூசியா சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில், தியோக்கிளேசியன் மன்னனின் கொடுமைக் காலத்தில், 304ஆம் ஆண்டில் வேதசாட்சியாக உயிர் துறந்தவர். அவருடைய பெயர் 'ஒளி' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய நாட்காட்டியின்படி, அவர் திருநாளாகிய டிசம்பர் 13இன் இரவே ஆண்டின் மிக நீண்ட இரவாகக் கருதப்பட்டது. இன்றும் சுவீடனில் அந்நாள் அதிகாலையில் சிறுமியர் வெள்ளாடை உடுத்து, தலையில் மெழுகுதிரிகள் கொண்ட முடி சூடிப் பாடிவருகிறார்கள். குங்குமப்பூ கலந்த ரொட்டி வழங்குகிறார்கள். லூத்தரன் சபையினர் மிகுந்த ஒரு நாடு, தென்னாட்டுக் கத்தோலிக்க வேதசாட்சி ஒருவரை இத்துணை அன்புடன் போற்றுவது வியப்பன்றோ? இருளில் வாழ்பவர்க்கு ஒளியின் அருமை தெரியும். உலகின் ஒளியாக வந்தவரின் பிறப்பை ஆண்டின் இருண்ட நாட்களில் கொண்டாடும் முறையின் அழகும் அப்போது பிள்ளைக்குப் புலப்படும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிசம்பர் 25ஆம் நாள் புறச்சமயத்தாரின் சூரிய விழாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஐயமற்ற உண்மைபோல் எழுதும் சிறுவர் நூல்கள் சில உள்ளன. 336ஆம் ஆண்டளவிலேயே உரோமையில் அந்நாளில் கிறிஸ்து பிறப்பு நினைவுகூரப்பட்டமைக்குச் சான்று உண்டு. அந்த நாள் எவ்வாறு தெரிந்துகொள்ளப்பட்டது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை நீடிக்கிறது. மார்ச் 25இல் மங்கள வார்த்தை நிகழ்ந்ததாகக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதங்களைக் கணக்கிட்டார்கள் என்று கூறுவோரும் உளர். நூல் ஒரு பக்கத்தையே கூறினால் மறுபக்கத்தை எடுத்துச் சொல்வது பெற்றோர் கடன்.

வரலாறு எது, வழக்குக் கதை எது?

இவ்வகை நூல்களில் பெயர் பெற்ற ஒன்று எட்னா பார்த் எழுதி, அர்சுலா ஆர்ண்ட் படம் வரைந்து, 1971இல் வெளிவந்தது. 'ஹாலி, ரெயின்டியர் அண்டு கலர்டு லைட்ஸ்' என்பது அதன் பெயர். கிறிஸ்மஸ் காலத்தில் நாம் காணும் மரம், விண்மீன், பச்சிலை மாலை, வண்ண விளக்கு போன்ற சின்னங்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்பதை அது விளக்குகிறது. 1980இல் டோமி டிபவோலா எழுதி, படமும் வரைந்து வெளியிட்ட 'தி ஃபேமிலி கிறிஸ்மஸ் ட்ரீ புக்' என்னும் நூலிலோ, ஒரு குடும்பமே கூடி மரத்தை அலங்கரிக்கும்போது அதன் வரலாற்றைப் பேசிக்கொள்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் உரையாடியவாறே கற்கும் அந்த முறை நாமும் பின்பற்றத்தக்கது.

கிறிஸ்மஸ் தாத்தாவை எடுத்துக்கொள்வோம். "அவர் உண்மையா?" என்று ஒருநாள் எல்லாக் குழந்தைகளும் கேட்கின்றன. உண்மை என்று சொன்னால், பின்னாளில் பொய் வெளிப்படும்போது, பாலன் இயேசுவைப் பற்றிச் சொன்னதும் இத்தகையதோ என்று பிள்ளை மயங்கக்கூடும். பொய் என்று சொன்னால் முகம் வாடிவிடும். நல்ல நூல் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் நிக்கொலாஸ் என்றொரு ஆயர் வாழ்ந்தார். அவர் திருநாள் டிசம்பர் 6. அவருடைய திருப்பண்டங்கள் 1087ஆம் ஆண்டு முதல் இத்தாலியின் பாரி நகரில் வைத்துப் போற்றப்படுகின்றன. இது வரலாறு. சீர் கொடுக்க வழியின்றித் தவித்த ஏழைத் தந்தை ஒருவரின் மூன்று பெண்களுக்காக, ஆயர் இரவில் யாரும் அறியாமல் பொற்காசுப் பைகளை வீட்டினுள் எறிந்தார் என்பது வழிவழி வந்த கதை. வரதட்சணையின் கொடுமையை அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கதை உடனே விளங்கும்! நெதர்லாந்துக் குழந்தைகள் அவருடைய பரிசை எதிர்பார்த்து டிசம்பர் 5ஆம் நாள் மாலையைக் கொண்டாடினர். அந்த மரபு கடல் கடந்து அமெரிக்கா சென்றது. அங்கே 1823இல் வெளியான ஒரு கவிதையும், 1860களிலிருந்து தாமஸ் நாஸ்ட் வரைந்த பத்திரிகைச் சித்திரங்களும் ஆயரைப் பருத்த உடலும் வெண்தாடியும் கொண்ட தாத்தாவாக மாற்றின. இவ்வளவையும் கேட்ட பிள்ளை ஏமாற்றம் அடைவதில்லை. மறைவாகக் கொடுப்பதே மேலான கொடை என்பதைக் கற்றுக்கொள்கிறது.

குடிலின் வரலாறும் அவ்வாறே. 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பு இரவைக் கொண்டாடினார். அவ்வூருக்கே சென்று, 2019 டிசம்பர் 1ஆம் நாள், குடிலின் பொருள்பற்றித் திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார் திருத்தந்தை பிரான்சிஸ். நம் வீட்டு மூலையில் நிற்கும் சிறு குடிலுக்கு எண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு என்று அறிந்த பிள்ளை, அதன்முன் முழந்தாளிடும்போது புதிய மதிப்புடன் முழந்தாளிடும்.

அயலாரின் விளக்கு

இன்னொரு வகை நூல்கள் பிற சமயத்தாரின் விழாக்களையும் ஒருங்கே அறிமுகம் செய்கின்றன. 1997இல், யுனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன், அனபெல் கிண்டர்ஸ்லி எழுத்தும் பார்னபாஸ் கிண்டர்ஸ்லி ஒளிப்படங்களும் கொண்டு வெளிவந்த 'செலிப்ரேஷன்ஸ்' என்னும் நூலை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதில் காணப்படுவோர் ஓவியச் சிறுவர் அல்லர். பல நாடுகளில் உண்மையாக வாழ்ந்த பிள்ளைகள். தங்கள் விழாவில் எதை உடுக்கிறோம், எதை உண்கிறோம், ஏன் மகிழ்கிறோம் என்று அவர்களே நமக்குச் சொல்வதுபோல் அந்நூல் அமைந்திருக்கிறது.

"எல்லா விழாவும் ஒன்றே என்று பிள்ளை எண்ணிவிடாதா?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யூதர்களின் ஹனுக்கா விழாவைக் கொண்டு இதற்கு விடை காண்போம். டேவிட் அட்லர் 1982இல் எழுதிய சிறுவர் நூல் ஒன்று இவ்விழாவை எளிமையாக விளக்குகிறது. அந்தியோக்கு மன்னன் எருசலேம் திருக்கோவிலைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபே போராடி அதை மீட்டுத் தூய்மையாக்கி, கி.மு. 164இல் மீண்டும் அர்ப்பணம் செய்தார். அதன் நினைவாகவே யூதர்கள் எட்டு நாட்கள் விளக்கேற்றுகிறார்கள். ஒரு நாளுக்குரிய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது பின்னாளில் யூத மறைநூல் வல்லுநர் எழுதிவைத்த மரபு.

இனி நம் விவிலியத்தைத் திறப்போம். கோவில் அர்ப்பணத்தின் வரலாறு மக்கபேயர் நூல்களில் இருக்கிறது. யூதர்களின் எபிரேய மறைநூல் தொகுப்பில் அந்நூல்கள் இடம்பெறவில்லை. நம் கத்தோலிக்க விவிலியத்திலோ அவை இருக்கின்றன! யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், அர்ப்பண விழாவின்போது குளிர்காலத்தில் இயேசு சாலமோன் மண்டபத்தில் உலாவியதை நாம் வாசிக்கிறோம். அயலாரின் விழா என்று நாம் ஒதுக்கிய அவ்விழாவில் நம் ஆண்டவர் நின்றிருக்கிறார். அயலார் விழாவை உண்மையாக அறிந்த பிள்ளை தன் விவிலியத்தை மேலும் ஆழ்ந்து படிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில் அறிவித்ததும் இம்மனநிலையையே. வேற்றுமையை மறைக்காமல், இகழ்ச்சியும் இன்றிக் கூறும் நூலே நல்ல நூல்.

இவ்வகை நூல்களில் குறைகளும் உண்டு. தீபாவளியைக் 'குளிர்கால விழா' என்று வகைப்படுத்தும் நூல்கள் மேல்நாட்டில் பல. நம் ஊரில் அது ஐப்பசி மழையில் வெடி நனையும் விழா என்பதை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அச்சில் வந்தது எல்லாம் சரியாகிவிடாது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள இதுவும் ஒரு வாய்ப்பே.

ஒரே முற்றம், இரண்டு விழாக்கள்

நாம் இறுதியாகக் குறிப்பிட விரும்பும் நூல் நம் உள்ளத்தை வெகுவாகத் தொட்டது. பட்ரிசியா மெக்கிசாக், ஃபிரெட்ரிக் மெக்கிசாக் என்னும் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளத் தம்பதியர், ஜான் தாம்சனின் ஓவியங்களுடன் 1994இல் வெளியிட்டது அது. 'கிறிஸ்மஸ் இன் தி பிக் ஹவுஸ், கிறிஸ்மஸ் இன் தி குவார்ட்டர்ஸ்' என்பது பெயர். 'பெரிய வீட்டில் கிறிஸ்மஸ், அடிமைக் குடிசைகளில் கிறிஸ்மஸ்' என்று பொருள் கொள்ளலாம். 1995இல் கொரெட்டா ஸ்காட் கிங் விருது பெற்ற நூல்.

1859ஆம் ஆண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணை. பெரிய வீட்டில் பண்ணை முதலாளியின் குடும்பம். சற்றுத் தொலைவில் மண்தரைக் குடிசைகளில் அடிமைகள். இரு சாராரும் ஒரே கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். பெரிய வீட்டின் விருந்தைச் சமைப்பவர்கள், தரையைத் துடைப்பவர்கள், விளக்கை ஏற்றுபவர்கள் அடிமைகளே. தங்கள் குடிசையில் தங்கள் விழாவைக் கொண்டாட அவர்களுக்கு எஞ்சுவது சில நாட்களே. ஆயினும் அங்கே பாட்டு உண்டு, செபம் உண்டு, உள்ளதைப் பகிர்ந்துகொள்ளும் விருந்து உண்டு. நூலாசிரியர்கள் இரு பக்கத்தையும் மாறி மாறிக் காட்டுகிறார்கள். இருவர் பாடிய பாடல்களையும் சமைத்த உணவுகளையும் தருகிறார்கள். யாரையும் ஏசவில்லை. வாசிக்கும் பிள்ளையே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது.

புத்தாண்டு நாள் அவ்வடிமைகளுக்கு அச்சம் தரும் நாள். அன்றுதான் பலரை வேறு பண்ணைகளுக்கு ஓராண்டுக்குக் குத்தகையாக அனுப்பும் வழக்கம் இருந்தது. கிறிஸ்மஸ் பாட்டு ஓயுமுன் தந்தை ஒரு திசையிலும் மகன் ஒரு திசையிலும் பிரிக்கப்படலாம். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது.

இதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமா? விழாக் காலத்தில் ஏன் துயரக் கதை? இவ்வாறு கேட்போர்க்கு நாம் சொல்வது இது: தொழுவத்தில் பிறந்தவரின் விழாவில் தொழுவத்தின் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றிப் பேசாமல் வேறு எந்நாளில் பேசுவது? நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு இல்லாமல் இல்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பலிக்கு வந்தவர்களைச் சாதியால் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. கற்சுவர் இடிந்தது. மனச்சுவர் எல்லாம் இடிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துக் கூற நம்மால் இயலுமா? கிறிஸ்மஸ் நாளில் நம் அடுப்படியில் நாள் முழுவதும் நிற்பவர் யார், நம் இலையைக் கழுவுபவர் யார், அவருடைய பிள்ளை அன்று எங்கே உண்கிறது என்று நம் குழந்தை கேட்குமானால், அந்நூல் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம். அதற்கு விடையளிக்க வேண்டியவர்கள் நாம்.

நூலைத் தெரிந்துகொள்ளும் முறை

விழா நூலை வாங்குமுன் பெற்றோர் சிலவற்றைப் பார்த்துக்கொள்வது நன்று. ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றை நூல் தெளிவாகக் கூறுகிறதா? வழக்குக் கதையைச் சொல்லும்போது அது வழக்குக் கதை என்று அறிவிக்கிறதா? கிறிஸ்மஸை வெறும் பரிசும் விளக்குமாகச் சுருக்கிவிடாமல், அது யாருடைய பிறப்பு என்பதைச் சொல்கிறதா? அயல்நாட்டு மக்களைக் காட்சிப் பொருள்களாகக் காட்டுகிறதா, நம்மைப்போன்ற குடும்பத்தினராகக் காட்டுகிறதா? ஏழைகளுக்கு அதன் பக்கங்களில் இடம் உண்டா? இவ்வளவும் பார்த்தபின், நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்து விலகிவிடாமல், இரவுச் செபம் முடிந்ததும் நாளுக்கு நான்கு பக்கமாக உடன் அமர்ந்து வாசியுங்கள். ஆங்கிலம் அறியாத பாட்டிக்குப் பேரனே தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பாட்டி நிச்சயமாக இடைமறிப்பார்: "எங்கள் காலத்தில் இங்கே எப்படித் தெரியுமா?" என்று.

அந்த இடைமறிப்பைத் தடுக்காதீர்கள்! நம் பங்குகளின் கிறிஸ்மஸைப் பற்றிய நூலின் முதற்பக்கம் அதுவே. நடுநிசிப் பூசைக்கு எத்தனை கல் நடந்து சென்றார்கள், பாடற்குழு எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டது, எந்தத் தெருவுக்குள் போகாமல் திரும்பியது, அண்டை வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு என்ன பலகாரம் சென்றது, பொங்கலுக்கும் ரமலானுக்கும் அங்கிருந்து என்ன வந்தது என்பவற்றை அவர் சொல்லச் சொல்ல, பிள்ளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதட்டும். பெயரும் ஆண்டும் சேர்த்து எழுதட்டும். பெருமைக்குரியவற்றோடு வெட்கத்திற்குரியவற்றையும் எழுதட்டும்.

இவ்வாண்டும் நம் குடில்களின்மேல் பஞ்சு தூவுவோம், அதில் தவறேதுமில்லை. வடநாட்டுக் குளிரில் வாழும் சகோதரர் நினைவாக அது இருக்கட்டும். ஆனால், பனி பெய்ததா என்று குழந்தை கேட்டால், வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு, அருகில் அமர்த்தி, உண்மையைச் சொல்வோம். உண்மையே உருவாக வந்தவரின் திருநாளை உண்மையோடு கொண்டாடும் வரத்தை அப்பாலகனே நம் இல்லங்களுக்கு அருள்வாராக!